இரும்புக்கை மாயாவியும் ஒரு தகரப் பெட்டியும்

சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் ஒரு நாள், திண்டுக்கல் நாகல் நகரில் காலமான நண்பர் ஒருவரின் வீட்டுக்குச் சென்றிருந்தேன். பூட்டுப் பட்டறையில் நெடுங்காலம் வேலை பார்த்தவர் அவர். துக்கம் விசாரித்து எழப்போன நேரத்தில் அவருடைய மகன் பரணிலிருந்து ஒரு தகரப் பெட்டியை இறக்கி என் முன்னால் வைத்தார். "அப்பா இதை யாரையும் தொடவிட மாட்டாங்க மாமா. உங்ககிட்டக் காட்டிட்டு என்ன செய்யலாம்னு கேட்கச் சொன்னாங்க அம்மா" என்றார்.

பெட்டியில் ஒரு பூட்டு தொங்கியது. நண்பர் தம் கையால் செய்த பூட்டாகவே இருக்க வேண்டும். திறந்ததும் வசம்பு மணமும் பழைய காகிதத்தின் நெடியும் கலந்து வந்தன. உள்ளே முத்து காமிக்ஸ், லயன் காமிக்ஸ், ராணி காமிக்ஸ். தனி இதழ்கள் பாதி. பத்துப் பன்னிரண்டு இதழ்களைச் சேர்த்துக் காலிகோ துணியில் பைண்டு செய்த தொகுதிகள் மீதி. நான் அவரோடு முப்பது ஆண்டுகள் பழகியவன். புதுமைப்பித்தனைப் பற்றியும் மௌனியைப் பற்றியும் நள்ளிரவு வரை பேசியிருக்கிறோம். இந்தப் பெட்டியைப் பற்றி ஒரு சொல் அவர் சொன்னதில்லை. நான் சிரிப்பேன் என்று நினைத்திருப்பார். சிரித்திருப்பேன் என்பதும் உண்மைதான்.

சென்னையில் ஒருவர் தொலைபேசியில் விலை கேட்டிருக்கிறார் என்றார் மகன். தனி இதழ்களில் குறிப்பிட்ட சிலவற்றை மட்டும் எடுத்துக்கொள்வாராம். பைண்டு தொகுதிகள் வேண்டாமாம். சொன்ன தொகை அந்தக் குடும்பத்தின் பல மாதச் செலவுக்குப் போதுமானது. கொடுக்கலாமா, கூடாதா? அன்று பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள முயன்றதன் விளைவே இந்தக் கட்டுரை.

*

பழைய காமிக்ஸ் இதழ்கள் செல்வமாக மாறிய கதை அமெரிக்காவில் தொடங்குகிறது. 1938ஆம் ஆண்டு ஜூன் மாதத் தேதியிட்டு வெளிவந்த ‘ஆக்‌ஷன் காமிக்ஸ்’ முதல் இதழில் சூப்பர்மேன் முதன்முதலாகத் தோன்றினான். விலை 10 சென்ட். அவனைப் படைத்த ஜெர்ரி சீகலும் ஜோ ஷஸ்டரும் அந்தப் பாத்திரத்தின் உரிமையை 130 டாலருக்கு விற்றிருந்தார்கள். அச்சான சுமார் 2 லட்சம் படிகளில் இன்று ஏறத்தாழ 100 மட்டுமே எஞ்சியிருக்கலாம் என்கிறார்கள். குழந்தைகள் படித்துக் கிழித்தவை போக, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பழைய காகிதத்தைத் திரட்டும் இயக்கங்கள் வீடு வீடாக நடந்தன. நாட்டுப்பற்றுள்ள பிள்ளைகள் தம் காமிக்ஸ்களைக் கட்டுக்கட்டாகக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அழிந்தவை அவ்வளவு என்பதால்தான் எஞ்சியவற்றுக்கு இவ்வளவு விலை.

1970இல் ராபர்ட் ஓவர்ஸ்ட்ரீட் என்பவர் பழைய காமிக்ஸ்களுக்கான விலைப் பட்டியல் நூலொன்றை வெளியிட்டார். அதுவரை சிறுவர்களும் சில கிறுக்கர்களும் நடத்தி வந்த பண்டமாற்று, ஒழுங்கான சந்தையாக உருப்பெற்றது. 2000இல் சிஜிசி என்ற நிறுவனம் வந்தது. இதழின் உடல்நிலையை ஆராய்ந்து, பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் இட்டு, தெளிந்த பிளாஸ்டிக் உறைக்குள் அடைத்து மூடிவிடுவார்கள். உறையைத் திறந்தால் மதிப்பெண் செல்லாது. அதாவது, இதழின் விலை காப்பாற்றப்பட வேண்டுமானால் அதை யாரும் படிக்கக் கூடாது. 2024இல் ஆக்‌ஷன் காமிக்ஸ் முதல் இதழின் ஒரு படி 60 லட்சம் டாலருக்கு ஏலம் போயிற்று. 2025 நவம்பரில், 1939ஆம் ஆண்டுச் ‘சூப்பர்மேன்’ முதல் இதழின் படி ஒன்று 91 லட்சத்து 20 ஆயிரம் டாலருக்கு விலைபோனது. சகோதரர்கள் மூவர் தம் தாயின் மறைவுக்குப் பின், பரணில் பழைய செய்தித்தாள்களுக்கு அடியில் கண்டெடுத்த படி அது. அந்தச் செய்தியைப் படித்தபோது நாகல் நகரின் பரண்தான் எனக்கு நினைவுக்கு வந்தது.

*

நம் கதை சிவகாசியில் தொடங்குகிறது. தீப்பெட்டிக்கு லேபிள் அச்சிடத் தோன்றிய அச்சகங்கள், பின்னர் நாட்காட்டிகளிலும் பட்டாசுப் பெட்டிகளிலும் கைதேர்ந்த ஊர் அது. காகிதம், மை, அச்சுத் தொழிலாளி, ஊர் ஊராகச் சரக்கு அனுப்பும் பழக்கம் எல்லாம் ஓரிடத்தில் கூடியிருந்தன. 1972 ஜனவரியில் சௌந்தரபாண்டியன் அங்கிருந்து முத்து காமிக்ஸைத் தொடங்கினார். தொடக்க கால ஆசிரியர் முல்லை தங்கராசன். முதல் இதழ் ‘இரும்புக்கை மாயாவி’.

தமிழில் படக்கதை அதற்கு முன்பே இருந்தது. தினத்தந்தியில் 1960இல் தொடங்கிய ‘கன்னித்தீவு’ நாள்தோறும் ஒரு துண்டாக வந்துகொண்டிருந்தது. பம்பாயிலிருந்து 1964இல் தொடங்கிய இந்திரஜால் காமிக்ஸ், வேதாளரைத் தமிழ் பேச வைத்தது. எனினும், ஒரு முழுச் சாகசத்தைக் கையடக்கப் புத்தகமாக, மாதந்தோறும் சின்னஞ்சிறு ஊர்ப் பெட்டிக்கடை வரைக்கும் கொண்டுசேர்த்ததில் முத்து காமிக்ஸுக்குத் தனி இடம் உண்டு.

இரும்புக்கை மாயாவியின் பூர்வீகம் லண்டன். 1962 அக்டோபரில் ‘வேலியன்ட்’ என்ற சிறுவர் வார இதழின் முதல் எண்ணிலேயே தொடங்கிய தொடர் அது. எழுதத் தொடங்கியவர் கென் புல்மர். தொடர்ந்தவர் டாம் டுல்லி. வரைந்தவர் ஸ்பெயின் நாட்டு ஓவியரான ஹெசூஸ் பிளாஸ்கோ. சோதனைச்சாலை உதவியாளன் லூயிஸ் கிராண்டல் விபத்தில் வலக்கையை இழந்து இரும்புக் கை பொருத்திக்கொள்கிறான். மின்சாரம் பாய்ந்ததும் அவன் உடல் மறைந்துவிடுகிறது. இரும்புக் கை மட்டும் வெளியே தெரிகிறது. ஆங்கில மூலத்தில் அவன் தொடக்கத்தில் குற்றவாளி. பிற்பாடுதான் நிழல் படை என்ற உளவு அமைப்பின் ஆளாகிறான். நம் தலைமுறைக்கோ அவன் எப்போதும் நல்லவன்தான். பக்கத்து வீட்டு அண்ணனைப் போல நம்பினோம். மின்கம்பிப் பக்கம் போகாதே என்று வீட்டுப் பெரியவர்கள் கூடுதலாகச் சொல்லிவைக்க வேண்டியிருந்தது.

மாயாவியோடு லாரன்ஸ் – டேவிட் இணையும் ஜானி நீரோவும் சேர்ந்து மும்மூர்த்திகள் ஆனார்கள். 1984 ஜூலையில் சௌந்தரபாண்டியனின் மகன் விஜயன், இருபது வயதைத் தொடுமுன்பே, லயன் காமிக்ஸைத் தொடங்கினார். முதல் இதழ் ‘கத்தி முனையில் மாடஸ்டி’. அதே ஆண்டு தினத்தந்தி குழுமத்திலிருந்து ராணி காமிக்ஸ் வந்தது. 2005 வரை நடந்தது. லயனை நிலைநிறுத்தியவன் ஸ்பைடர். சிலந்தி மனிதனோடு இவனைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். கூர்மையான காதும் வலைத் துப்பாக்கியும் கொண்ட, நியூயார்க்கின் குற்றச் சக்கரவர்த்தி இவன். 1965இல் லண்டனின் ‘லயன்’ வார இதழில் டெட் கோவன் உருவாக்கிய பாத்திரம். ரெக் பன் வரைந்தது.

இந்த இடத்தில் வரலாறு ஒரு விசித்திரமான முடிச்சைப் போடுகிறது. சில கதைகளுக்குப் பின் ஸ்பைடரை எழுத லண்டன்காரர்கள் அமர்த்திய ஆள் ஜெர்ரி சீகல். 130 டாலருக்குச் சூப்பர்மேனை விற்றுவிட்டு, உரிமைக்காக வழக்காடித் தோற்று, பிழைப்புக்காக எங்கெல்லாமோ எழுதிக்கொண்டிருந்த அதே சீகல். ஆக, கோடிகளில் ஏலம் போகும் அமெரிக்கச் சூப்பர்மேனும் திண்டுக்கல் பேருந்து நிலையக் கடையில் கயிற்றில் தொங்கிய ஸ்பைடரும் ஒரே மனிதரின் பேனா பட்டவர்கள். அந்த மனிதரின் பெயர் நம் இதழ்களைப் படித்த பையன்கள் எவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

*

சிவகாசியிலிருந்து மதுரை வழியாகத் திண்டுக்கல்லுக்கு அரை நாள் பயணத்துக்குள்தான். பேருந்து நிலையத்திலும் ரயிலடியிலும் மணிக்கூண்டைச் சுற்றிய கடைகளிலும் இதழ்கள் கிடைக்கும். நிலக்கோட்டை, வத்தலக்குண்டு, வேடசந்தூர்ப் பையன்கள் அப்பாவோடு சந்தைக்கோ டவுனுக்கோ வரும் நாளில் வாங்கிக்கொண்டு போவார்கள். புது இதழ் வாங்க வசதியுள்ளவன் ஒரு தெருவுக்கு ஒருவன் இருந்தால் அதிகம். மற்றவர்களுக்கு வாடகை நூல் நிலையங்கள் இருந்தன. முன் அட்டையில் ரப்பர் முத்திரை, உள்ளே எண், ஓர் இரவுக்குச் சில பைசா. ஓர் இதழை ஐம்பது பேர் படித்த காலம் அது.

படித்து முடித்த இதழின் அடுத்த பயணம் பழைய பேப்பர் கடைக்கு. அங்கே எடைக்கு எடை. பிறகு மளிகைக் கடையில் பொட்டலமாகவும் பெட்டிக்கடையில் வேர்க்கடலைக் கூம்பாகவும் வீடு திரும்பும். கடலையைத் தின்றுவிட்டுக் கூம்பைப் பிரித்துக் கதையின் நடுப்பக்கத்தைப் படித்த அனுபவம் என் வயதுக்காரர் பலருக்கும் இருக்கும். அமெரிக்காவில் போர்க்காலத் தேவை செய்த வேலையை இங்கே மளிகைக் கடை செய்தது.

தப்பிப் பிழைத்தவற்றுக்கும் ஆயுள் குறைவு. நாளிதழ்க் காகிதம் மரக்கூழிலிருந்து வருவது. அதிலுள்ள லிக்னின் ஒளியிலும் காற்றிலும் சிதைய, காகிதத்தில் அமிலம் கூடுகிறது. பழுப்பேறி, பிறகு முறுகி, தொட்டால் அப்பளம் போல நொறுங்குகிறது. ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் முதுகுப் பின் துருப்பிடித்து நடுத்தாளைத் தின்கிறது. எஞ்சியதைக் கரையானும் வெள்ளிப் பூச்சியும் பார்த்துக்கொள்கின்றன. கிழிந்த இடத்தில் அன்போடு ஒட்டிய செலோ டேப் இருபது ஆண்டில் மஞ்சள் பசையாகி எழுத்தை மறைக்கிறது. லேமினேஷன் அதைவிடக் கேடு; ஒருமுறை செய்துவிட்டால் மீட்க வழியில்லை. காற்றோட்டமான உலர்ந்த இடமும், பிவிசி கலவாத உறையும், படுக்கை வசத்தில் அதிக கனமில்லாத அடுக்கும் போதும். நண்பர் எந்த நூலையும் பார்த்து இதைக் கற்றிருக்க மாட்டார். இருந்தும் வசம்பும் உலர்ந்த வேப்பிலையும் இட்டு, தரையில் படாமல் பரணில் வைத்திருந்தார்.

சென்னைக்காரர் வேண்டாம் என்ற பைண்டு தொகுதிகளுக்கு வருகிறேன். பைண்டு செய்தால் ஓரம் வெட்டப்படும். பல நேரம் அட்டை கழற்றப்படும். சந்தைக் கணக்கில் அவை ஊனமுற்றவை. ஆனால் நம் ஊரில் பெரும்பாலான பழைய இதழ்கள் உயிரோடிருக்கக் காரணமே அந்த பைண்டிங்தான். தனித்தாளாக இருந்தது பொட்டலமாயிற்று. கெட்டி அட்டை போட்டது புத்தகம் என்ற மரியாதையைப் பெற்றது. எடைக்குப் போடும்போது வீட்டுப் பெண்களின் கை அங்கே ஒரு கணம் தயங்கியது.

அந்தத் தொகுதிகளில் ஒன்றைப் புரட்டினேன். முதல் பக்கத்தில் வத்தலக்குண்டு நூல் நிலையம் ஒன்றின் முத்திரை. கீழே வேறொரு கையெழுத்தில் ஏழாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவன் ஒருவனின் பெயர். ஓரத்தில் பென்சிலில் யாரோ இரும்புக் கையை வரைந்து பார்த்திருந்தார்கள். ஐந்து விரலுக்கு ஆறு விரல் விழுந்திருந்தது. மதிப்பெண் இடுகிற நிறுவனத்துக்கு இவை மூன்றும் மூன்று குறைகள். எனக்கோ அந்த முத்திரையும் பெயரும் ஆறாம் விரலும்தான் அந்தப் புத்தகத்தில் அச்சாகாத வரலாறு. மாயாவியின் கதையை எங்கிருந்தாவது மறுபதிப்புச் செய்துகொள்ளலாம், செய்தும் இருக்கிறார்கள். 2012 ஜனவரியில் ‘லயன் கம்பேக் ஸ்பெஷல்’ மூலம் புத்துயிர் பெற்ற சிவகாசிப் பதிப்பகம், பிந்திய ஆண்டுகளில் மும்மூர்த்திகளின் கதைகளையும் நல்ல தாளில் திரும்ப வெளியிட்டது. பிரிட்டனிலும் ஃப்ளீட்வேயின் பழைய சொத்துகளை ரெபெல்லியன் நிறுவனம் 2018இல் முழுமையாக வாங்கிக்கொண்டு, பல தொடர்களை நூலாக்கி வருகிறது. கதை பிழைத்துக்கொள்ளும். 1970களில் வத்தலக்குண்டில் ஒரு பையன் எதை, எப்படி, யாரோடு பகிர்ந்து படித்தான் என்பதற்கு இந்தப் பழுப்பேறிய தாளை விட்டால் சாட்சி கிடையாது.

*

இலக்கிய வாசகர்கள் இதைப் படித்து முகம் சுளிக்கலாம். சுளிக்கும் முன் ஒன்றை நினைத்துப் பார்க்கக் கேட்டுக்கொள்கிறேன். அதே வத்தலக்குண்டுதான் ராஜமையருக்கும் மணிக்கொடியைச் சிறுகதை இதழாக நடத்திய பி.எஸ். ராமையாவுக்கும் ஊர். 1959இல் ‘எழுத்து’ பத்திரிகையைத் தொடங்கிய சி.சு. செல்லப்பா வளர்ந்ததும் அங்கேதான். செல்லப்பா புத்தக மூட்டையைச் சுமந்துகொண்டு ஊர் ஊராக விற்றதை நாம் பக்தியோடு பேசுகிறோம். ஆனால் ‘எழுத்து’ இதழ்களின் முழு வரிசையை இன்று எத்தனை பேர் வீட்டில் பார்க்க முடியும்? சிற்றிதழும் காமிக்ஸும் தரத்தில் இரு துருவங்கள் என்பதை நான் மறுக்கவில்லை. காகிதத்துக்கு அந்த வேறுபாடு தெரியாது. இரண்டும் மலிவுத் தாளில் அச்சாயின. இரண்டையும் நிறுவனங்கள் பொருட்படுத்தவில்லை. தனி மனிதர்களின் பிடிவாதமே இரண்டையும் காப்பாற்றியது.

1954ஆம் ஆண்டின் நூல் ஒப்படைப்புச் சட்டப்படி, நாட்டில் வெளியாகும் நூல்களின் படிகள் சென்னை கன்னிமாரா உள்ளிட்ட நூலகங்களுக்குச் செல்ல வேண்டும். சட்டம் இருப்பது வேறு. காகிதம் அலமாரியில் இருப்பது வேறு. இதற்கு நம்மிடையே உள்ள பெரிய பாடம் கோட்டையூர் ரோஜா முத்தையா. பெயர்ப்பலகை எழுதும் ஓவியராக வாழ்ந்தவர் அவர். நூல்களோடு நின்றுவிடாமல் நாடக நோட்டீஸ், பாட்டுப் புத்தகம், திருமண அழைப்பிதழ் என்று பிறர் குப்பை என்று கருதியவற்றையெல்லாம் திரட்டினார். 1992இல் அவர் மறைந்தபோது அந்தச் சேகரம் சிதறிவிடும் நிலை இருந்தது. சிகாகோ பல்கலைக்கழகம் மொத்தமாக வாங்கி, அதைத் தமிழ்நாட்டிலேயே வைத்து, 1994இல் சென்னையில் ஆராய்ச்சி நூலகம் உருவாக வழிசெய்தது. இன்று தமிழ்ப் பண்பாட்டு வரலாறு எழுதுவோர் அதன் வாசலை மிதிக்காமல் எழுத முடியாது. அவரிடமிருந்து யாரோ ஒருவர் வந்து விலைபோகும் நூறு நூல்களை மட்டும் பொறுக்கிச் சென்றிருந்தால், எஞ்சியது பழைய பேப்பர் கடைக்குத்தான் போயிருக்கும்.

சேகரிப்பாளர்களையும் குறை சொல்லிவிட முடியாது. 1985இல் சென்னை மூர் மார்க்கெட் எரிந்த பிறகும், மதுரைப் புது மண்டபத்துப் புத்தகக் கடைகளிலும் தெருவோரக் கடைகளிலும் வெயிலில் குனிந்து தேடியவர்கள் அவர்கள். எந்த எண்ணில் எந்தக் கதை, யாருடைய ஓவியம், எது மறுபதிப்பு என்று பட்டியலிட்டவர்களும் அவர்களே. கல்விப்புலம் அந்த வேலையைச் செய்யவில்லை. ஆனால் சில ரூபாய் அட்டை விலை கொண்ட இதழுக்கு ஆயிரங்கள் கேட்கப்படத் தொடங்கியதும், வீம்பும் ரகசியமும் கூடவே வந்துவிட்டன. விலை ஏறியதால் சில பெட்டிகள் எடைக்குப் போகாமல் தப்பின. அதே விலை பல பெட்டிகளை உடைத்துப் பங்கு போடவும் வைத்தது. இரண்டும் உண்மை.

*

மீண்டும் நாகல் நகர். வறுமையோடு இருக்கும் ஒரு குடும்பத்திடம் போய், வரலாற்றுக்காகப் பணத்தை வேண்டாம் என்று சொல்லுங்கள் என்று கேட்பதற்கு எனக்கு என்ன உரிமை? அந்தப் பணம் அவர்களுக்கு வேண்டும். நண்பரும் அதை மறுத்திருக்க மாட்டார்.

ஒரு மாத அவகாசம் மட்டும் கேட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, நண்பரின் மகனும் நானும் ஒவ்வொன்றாக எடுத்துப் பட்டியல் எழுதினோம். இதழின் பெயர், எண், நிலை, முத்திரை இருந்தால் எந்த ஊர் நூல் நிலையம், யாருடைய கையெழுத்து, விலையை அடித்துத் திருத்தியிருந்தால் எவ்வளவு. முத்திரைகளைக் கூட்டிப் பார்த்தபோது வத்தலக்குண்டு, சின்னாளபட்டி, ஒட்டன்சத்திரம், பழனி என்று ஒரு வாசக வரைபடமே விரிந்தது. இந்தச் சமவெளியில் இலக்கியக் கூட்டம் நடந்த ஊர்களைவிட, மாயாவி போய்ச் சேர்ந்த ஊர்கள் அதிகம்.

மூன்றாவது ஞாயிறு, ஒரு பைண்டு தொகுதியின் கடைசித் தாளில் நண்பரின் கையெழுத்தைக் கண்டோம். பட்டறையில் வாங்கிய முதல் வாரக் கூலியில் இதை பைண்டு செய்ததாக எழுதித் தேதியிட்டிருந்தார். மகன் அந்தப் பக்கத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஒன்றும் பேசவில்லை.

தனி இதழ்களில் இரட்டைப் படியாக இருந்தவற்றைச் சென்னைக்காரருக்குக் கொடுத்தார்கள். முதலில் சொன்னதில் பாதித் தொகை கிடைத்தது. மற்றவை பட்டியலோடு பெட்டிக்குள் திரும்பின. அவற்றை மொத்தமாக ஏற்கும் நூலகம் ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கிறோம்; கிடைக்காமலும் போகலாம். பூட்டின் ஒரு சாவி மகனிடம் இருக்கிறது. இன்னொன்றை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள்.